தலையில் பங்கசு: பூசுவதா, விழுங்குவதா?

கொழும்பில் எந்தப் பாமசியில் போய் "தலையில் பங்கசு" என்று சொன்னாலும் ஒரு கிறீமோ ஒரு ஷாம்புவோ கைக்கு வந்துவிடும். முப்பது வயதுக்காரரின் பொடுகுக்கு அந்த ஷாம்பு சரியான மருந்துதான். ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் காசளவுக்கு முடி கொட்டி, அந்த இடம் செதில் செதிலாக இருந்தால், அதே ஷாம்புவை மாதக்கணக்கில் போட்டாலும் நோய் போகாது. இரண்டுமே பங்கசுதான். ஆனால் பெரியவரின் தலையில் அது தோலுக்கு மேலே, எண்ணெய்ப் படலத்தில் வாழ்கிறது. பிள்ளையின் தலையில் முடித்தண்டுக்கும் வேர்ப்பைக்கும் இறங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பூசுவதா, விழுங்குவதா என்ற பேச்சுக்கே இடம்.

கீழே மருந்தின் அளவுகளும் வருகின்றன. வைத்தியர் எழுதித் தந்த துண்டை விளங்கிக்கொள்ளவும், சரியான கேள்வியைக் கேட்கவும்தான் அவை. பெரியவருக்கு வாங்கி மிஞ்சிய குளிசையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அல்ல.

பெரியவர்களின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். பொடுகின் பின்னால் இருப்பது மலசீசியா என்னும் ஈஸ்ட் வகை. எல்லோருடைய தலையிலும் அது உண்டு. தலைத்தோலில் ஊறும் எண்ணெயை உடைத்து உண்கிறது; உடைத்தபின் எஞ்சும் கொழுப்பமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன, அதனால் செதில் உதிர்கிறது. ஆய்வுகூடத்தில் மலசீசியாவை வளர்க்க வேண்டுமானால் வளர்ப்பூடகத்தின் மேல் ஒலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். இதைக் கேட்ட பிறகும் பொடுகுக்கு இரவு முழுக்க எண்ணெய் தேய்த்து ஊறவிடுவது நல்லது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எண்ணெய் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், குளிப்பதற்கு அரை மணி நேரம் முன் வைத்துக் கழுவிவிடுங்கள்.

மருந்து 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷாம்பு. வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். பிறகு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை. பலன் இல்லை என்று சொல்பவர்களில் அநேகர் போட்ட உடனேயே கழுவிவிடுகிறார்கள், அல்லது எண்ணெய்த் தலையில் நேரடியாகப் போடுகிறார்கள். முதலில் சாதாரண ஷாம்புவால் எண்ணெயைப் போக்க வேண்டும். பிறகு மருந்து ஷாம்புவை முடியில் அல்லாமல் விரல் நுனியால் தோலில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, அதன்பிறகே கழுவ வேண்டும். புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் இருந்தால் நுரையை அங்கேயும் தொட்டுத் தேய்க்கலாம், கண்ணில் படாமல். செலினியம் சல்ஃபைட் ஷாம்புவும் வேலை செய்யும், ஆனால் நகைகளைக் கறுக்க வைக்கும். தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வையுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் ஈரத்தலையோடு ஹெல்மெட் போடுவதும், கொண்டை முடிவதும், முக்காடிடுவதும் தோலை நாள் முழுக்க நனைந்தபடி வைத்திருக்கும். உலர்த்தி விட்டு மூடினாலே பாதித் தொல்லை குறையும்.

ஒரு விதிவிலக்கு. மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவுக்காரர்கள், ஸ்டெரொயிட் அல்லது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்குச் சிறுவர்களின் வகைப் பங்கசும் வரக்கூடும். அம்மம்மாவின் தலையில் ஒரு இடத்தில் மட்டும் முடி முறிந்து, செதில் நிற்கிறது என்றால் அதைப் பொடுகுக் கணக்கில் போட வேண்டாம்.

பிள்ளையின் தலை

இங்கே குற்றவாளிகள் தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்ணும் பங்கசுகள். உடம்பில் படர்தாமரையாக வருகிற அதே குடும்பம். முன்பள்ளி வயதிலிருந்து பருவமடையும் வரை உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். பருவத்துக்குப் பிறகு தலையில் ஊறும் எண்ணெயின் கொழுப்பமிலங்கள் இவற்றை அடக்குகின்றன என்பதே வழக்கமான விளக்கம்.

தோற்றம் பலவிதம். சிலருக்கு வட்டமாகச் சாம்பல் நிறச் செதில், அதற்குள் முடிகள் தோலிலிருந்து சில மில்லிமீற்றர் உயரத்தில் முறிந்து நிற்கும். சிலருக்கு முடி தோலோடு சேர்ந்தே முறிந்து, வெறும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இன்னும் சிலருக்கு முடி கொட்டுவதே இல்லை, தலை முழுக்கப் பொடுகு போன்ற செதில் மட்டும். ஏமாற்றுவது இந்தக் கடைசி வகைதான். பருவமடையாத பிள்ளைக்கு உண்மையான பொடுகு அவ்வளவாக வருவதில்லை. ஆறு வயதில் "பொடுகு" என்றால் சந்தேகப்படுங்கள்.

பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் விரலால் தடவிப் பாருங்கள். செதிலும் முடியிழப்பும் இருக்கிற பிள்ளைக்கு அங்கே நிணநீர்க் கணுக்கள் உருண்டையாகத் தட்டுப்பட்டால், பங்கசு என்ற சந்தேகம் மிகவும் வலுக்கும். பேன் உள்ள தலையிலும் சொறிந்து சொறிந்து கணு வீங்கும் என்பதால், ஈரும் பேனும் உண்டா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பங்கசு இல்லாமலே முடி வட்டமாகக் கொட்டுவதும் உண்டு. புழுவெட்டில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும், செதில் இருக்காது. ஓரத்து முடிகள் அடியில் மெலிந்து நுனியில் தடித்திருக்கும். பிள்ளை தானே முடியைப் பிடுங்கும் பழக்கத்தில் முடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் முறிந்திருக்கும், தோல் சுத்தமாக இருக்கும். சொரியாசிஸில் செதில் தடித்து வெள்ளியாக மினுங்கும், ஆனால் முடி பெரும்பாலும் விழாது. தோல் நிபுணர் உருப்பெருக்கும் டெர்மொஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு: காற்புள்ளியாக வளைந்த முடிகளும் சுருள் சுருளாக முறுக்கிய முடிகளும் பங்கசுக்கே உரிய அடையாளங்கள்.

மாதிரி எடுக்காமல் குளிசை வேண்டாம்

குளிசை நான்கு முதல் எட்டு வாரம் ஓடப்போகிறது. எந்தக் குளிசை என்பது எந்தப் பங்கசு என்பதைப் பொறுத்தது. ஆகவே தொடங்குமுன் ஒரு மாதிரி கொடுத்துவிடுவது புத்தி. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கசுகளுக்கென்றே ஆய்வுகூடம் இருக்கிறது. சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை ஆகியவற்றின் தோல் கிளினிக்குகளுக்குப் போனால் மாதிரி எங்கே, எப்போது எடுப்பது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில்தான். ஓரிரு நாள் முன்பிருந்தே தலைக்கு எண்ணெய் வேண்டாம். பங்கசுக் கிறீமோ மருந்து ஷாம்புவோ அந்த நாட்களில் தொடவே கூடாது. போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "வளர்ச்சி இல்லை" என்று வரும் முடிவை எல்லோரும் நம்பிவிடுவார்கள். கத்தரியால் வெட்டிய முடி உதவாது, ஏனென்றால் பங்கசு இருப்பது வேர்ப்பக்கத்தில். முறிந்து நிற்கும் கட்டை முடிகளைச் சாமணத்தால் பிடுங்க வேண்டும். நோய் பிடித்த முடி எளிதாக வந்துவிடும், பிள்ளைக்கு அவ்வளவு நோகாது. அதோடு மழுங்கிய கத்தி விளிம்பால் செதிலையும் சுரண்டிச் சேர்ப்பார்கள். அழுது துடிக்கும் பிள்ளைக்குப் புதிய, கிருமிநீக்கிய மென்மையான பல்துலக்கி போதும். அந்த இடத்திலும் சுற்றிலும் பத்துத் தரமளவு தேய்த்து, அதன் குச்சங்களை நேரே வளர்ப்பூடகத்தில் அழுத்துவார்கள். முடியிழப்பு இல்லாமல் செதில் மட்டும் உள்ள தலைக்கும் இதுதான் நல்ல வழி.

முடியையும் செதிலையும் மடித்த காகிதத்தில் உலர்வாக அனுப்ப வேண்டும். கறுப்புக் காகிதம் என்றால் சிறு செதிலும் கண்ணுக்குப் படும். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் போத்தலில் போட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் உள்ளே வியர்த்துப் பற்றீரியாவும் சுவர்ப்பூஞ்சணமும் முந்திக்கொள்ளும்.

ஆய்வுகூடத்தில் இரண்டு வேலை நடக்கும். முதலாவது, 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் முடியை வைத்து, கெரட்டின் இளகும் வரை பொறுத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. வித்திகள் முடித்தண்டைச் சுற்றி வெளியே உறையாக நிற்கின்றனவா, தண்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றனவா என்பது இதிலேயே தெரியும். முடிவு அன்றோ மறுநாளோ கிடைத்துவிடும். இரண்டாவது, சபுரோ ஊடகத்தில் வளர்ப்பது. பற்றீரியாவை அடக்கக் குளோரம்பெனிக்கோலும், காற்றில் வரும் பூஞ்சணத்தை அடக்கச் சைக்குளோஹெக்ஸிமைட்டும் சேர்ப்பார்கள். பூனை, நாயிலிருந்து வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் ஒன்றிரண்டு வாரத்தில் வெண்பஞ்சாக வளர்ந்து, அடிப்பக்கம் மஞ்சளாகத் தெரியும். தெற்காசியாவில் அடிக்கடி காணப்படும் ட்ரைக்கோஃபைட்டன் வயோலேசியம் ஊதா நிறத்தில், மெழுகுபோல, மெதுவாக வரும். அதனால்தான் நான்கு வாரம் வரை வைத்திருந்துவிட்டுத்தான் "இல்லை" என்று எழுதுவார்கள்.

சில கிளினிக்குகளில் இருட்டறையில் வூட் விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள், 365 நனோமீற்றர் அளவிலான புறஊதா ஒளி. மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி பளிச்சென்று பச்சையாக ஒளிரும். ஆனால் வயோலேசியமும், ட்ரைக்கோஃபைட்டனிலேயே இன்னொரு வகையான டொன்சுரான்ஸும் தண்டுக்குள் இருப்பவை, ஒளிரவே ஒளிராது. ஆகவே விளக்கில் ஒன்றும் தெரியாததால் பங்கசு இல்லை என்று ஆகாது. எண்ணெயும் களிம்பும் துணிநாரும் நீலவெள்ளையாக மினுங்கி ஏமாற்றும். நோய்ப்பட்ட முடி என்றால் பச்சை ஒளி அந்த முடியிலேயே நிற்கும்.

அறிகுறிகள் திட்டவட்டமாக இருந்தால், மாதிரியை எடுத்துவிட்டு வளர்ப்பு முடிவுக்குக் காத்திராமல் வைத்தியர் குளிசையைத் தொடங்கலாம். அதில் தவறில்லை. முடிவு வந்தபின் மருந்தை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவார்.

குளிசை

கிரிசியோஃபுல்வின் பழைய மருந்து. 1939இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். வாயால் கொடுத்தால் படர்தாமரை குணமாகும் என்பது 1958இல் கினிப் பன்றிகளில் தெரிந்தது. அதற்கு முன் பிள்ளைகளின் தலைமுடியை எக்ஸ்ரேயால் உதிர வைத்தார்கள். அப்படிக் கதிர்பட்ட பிள்ளைகளில் பின்னாளில் மூளைக் கட்டிகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. பழைய மருந்து என்று இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் அதற்கு முந்திய வைத்தியத்தையும் ஒரு கணம் நினைக்கலாம்.

இந்த மருந்து பங்கசைக் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. புதிதாக உருவாகும் கெரட்டினில் படிந்து, புதிய முடியைக் காக்கிறது. நோய்ப்பட்ட பழைய முடி வளர்ந்து வெளியேறும் வரை காவல் நிற்க வேண்டும். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்கிற முடிக்கு ஆறு முதல் எட்டு வாரம், சில வேளை அதற்கு மேலும் தேவைப்படுவது இதனால்தான். இரண்டாம் வாரத்தில் அரிப்பு நின்றுவிட்டது என்று நிறுத்தினால் காவல் போய்விடும்.

மருந்தை நுணுக்கி அரைத்த நுண்துகள் வகைக்கு வழமையான அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம். 15இலிருந்து தொடங்கும் வழிகாட்டல்களும் உண்டு. 16 கிலோப் பிள்ளைக்கு 320 முதல் 400 மில்லிகிராம் வரும். 125 மில்லிகிராம் குளிசையென்றால் மூன்று. ஒன்று மட்டும் எழுதியிருந்தால் எடையைச் சொல்லி மறுபடி கேளுங்கள். குறைந்த அளவு இந்த மருந்து தோற்பதற்கு ஒரு பெரிய காரணம். மற்றக் காரணம் வெறும் வயிறு. கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். முட்டை, பட்டர் பூசிய பாண், ஆடை நீக்காத பால், பாற்சோறு, எதுவானாலும் சரி. பிளேன்ரீயோடு விழுங்கக் கூடாது. தலையிடி, வயிற்றுப் புரட்டல் வந்தால் அளவை இரண்டாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். வெயிலில் தோல் சிவக்கலாம். வலிப்புக்குப் பீனோபாபிற்றோன் எடுக்கும் பிள்ளையில் உறிஞ்சல் குறையும் என்பதால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

டெர்பினாஃபின் பங்கசைக் கொல்லும், முடியில் வாரக்கணக்கில் தங்கும், நான்கு வாரத்தில் முடிந்துவிடும். 20 கிலோவுக்குக் கீழே 62.5 மில்லிகிராம், 20 முதல் 40 வரை 125, அதற்கு மேல் 250, நாளுக்கு ஒரு தரம். வேறு சில வழிகாட்டல்களில் இதைவிடக் கூடிய அளவும் உண்டு. வைத்தியர் அப்படி எழுதினால் பதற வேண்டாம். 250 குளிசையைக் கால் பங்காக்கக் கத்தியை விடக் குளிசை வெட்டும் சின்னப் பெட்டி நல்லது. தொடங்குமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். பிள்ளை திடீரென்று சாப்பாட்டை வெறுத்தால், சுவை தெரியாமல் போயிருக்கலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அப்படியென்றால் எல்லோருக்கும் டெர்பினாஃபினையே கொடுத்துவிடலாமே? வயோலேசியம், டொன்சுரான்ஸ் போன்ற ட்ரைக்கோஃபைட்டன்களுக்கு அது முதல் தெரிவு. மைக்ரோஸ்போரம் கேனிஸுக்கு அதே அளவில் அடிக்கடி தோற்கிறது. டெர்பினாஃபின் முடிக்குப் போவது தோலெண்ணெய் வழியாக. சிறு பிள்ளையின் தலையில் அந்த எண்ணெய் குறைவு, கேனிஸின் வித்திகளோ தண்டுக்கு வெளியே நிற்கின்றன. கிரிசியோஃபுல்வின் வியர்வை வழியாகவும் வெளியே வருவதால் அவற்றை எட்டுகிறது. வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதா என்று வைத்தியர் கேட்பது வெறும் பேச்சுக்கு அல்ல, மருந்து அதில்தான் தங்கியிருக்கிறது. இரண்டும் சரிவராத இடத்தில் இட்ராகொனசோல், ஃபுளுகொனசோல் இருக்கின்றன.

குளிசை தொடங்கிச் சில நாட்களில் காதிலும் கழுத்திலும் உடம்பிலும் அரிப்போடு சிறு பருக்கள் எழலாம். பலர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பங்கசுக்கு உடல் காட்டும் எதிர்வினை. வைத்தியரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். குளிசை தொடரும், அரிப்புக்கு வேறு மருந்து தருவார். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ, வாயில் புண் வந்தாலோ கதை வேறு, உடனே வைத்தியசாலை.

கட்டி என்று கீற வேண்டாம்

பங்கசுக்கு உடல் கடுமையாக எதிர்வினை காட்டினால் தலையில் நனைந்த பஞ்சுபோல மெத்தென்ற வீக்கம் எழும்பும், முடி கொட்டும், பல துளைகளால் சீழ் கசியும், காய்ச்சலும் வரும். கீரியன் என்று சொல்லுவார்கள். பார்த்தால் சீழ்க்கட்டி மாதிரியே இருக்கும். கீறினால் ஒன்றும் தீராது, தழும்புதான் மிஞ்சும். அன்ரிபயோட்டிக் மட்டும் மாறி மாறிக் கொடுத்துப் பல வாரம் போய்விடும், அதற்குள் வேர்ப்பை அழிந்து அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே முளைக்காமல் போகலாம். அன்ரிபயோட்டிக் ஒரு சுற்று முடிந்தும் வடியாத "கட்டி" பிள்ளையின் தலையில் இருந்தால், பங்கசுக்குப் பரிசோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். காய்ந்த பக்கை இளஞ்சூட்டு நீர்த் துணியால் ஊறவைத்து மெல்ல நீக்கலாம், பிய்க்கக் கூடாது.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது, ஸ்டெரொயிட்டும் அன்ரிபயோட்டிக்கும் பங்கசு மருந்தும் கலந்த கிறீம்கள். சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்கும், எல்லோருக்கும் திருப்தி. பங்கசோ, சிவப்பு அடங்கிய அந்தத் தோலுக்குள் நிம்மதியாகப் பரவும், வட்டம் உருமாறி, வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தேசிக்காய்ச்சாறு தலையில் பட்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். மண்ணெண்ணெய் பற்றிப் பேசவே வேண்டாம். மொட்டை அடித்தால் போகும் என்பதும் சரியில்லை, வேர்ப்பையில் இருப்பதைச் சவரக்கத்தி எட்டாது. நேர்த்திக்கு மொட்டை இருந்தால் குணமாகும் வரை தள்ளிப் போடுங்கள், அதே கத்தி அடுத்த பிள்ளையின் தலைக்கும் போகிறது.

வீடும் பூனையும்

குளிசையோடு சேர்த்து ஷாம்புவும் உண்டு, ஆனால் அது வித்திகள் உதிர்ந்து மற்றவர்களுக்குப் போவதைக் குறைக்கத்தான். கீட்டோகொனசோல் அல்லது செலினியம் சல்ஃபைட், வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுவது. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளும் ஒரே தலையணையைப் பகிர்பவர்களும் சில வாரங்களுக்கு இதையே போடலாம். ஒன்றும் தெரியாமலே வித்திகளைச் சுமக்கும் சகோதரங்கள் உண்டு, அவர்களின் தலையையும் வைத்தியர் பார்க்க வேண்டும். குணமான பிள்ளைக்குத் திரும்ப வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

சீப்பு, துவாய், தொப்பி, தலையணை உறை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. சீப்பைச் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அழுக்கும் எண்ணெயும் இருந்தால் பிளீச் வேலை செய்யாது. சலூனில் இயந்திரத்தின் தகட்டைத் துடைத்துக் கிருமிநீக்கச் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். குளிசை தொடங்கிய பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

கேனிஸ் என்று முடிவு வந்தால் பூனையும் நோயாளிதான். வளர்ந்த பூனை எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்து திரியும், குட்டிகளில் காதோரமும் மூக்கும் வெளிறி முடி கொட்டியிருக்கும். மிருக வைத்தியரிடம் காட்டி மருந்து கொடுங்கள். தெருவில் கொண்டுபோய் விட்டால் அடுத்த ஒழுங்கையின் பிள்ளைக்குப் போகும். உதிர்ந்த முடியிலுள்ள வித்திகள் மாதக்கணக்கில், ஒன்றரை வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். தும்புத்தடியால் கூட்டினால் தூசியோடு எழும்பும். ஈரத்துணியால் துடைத்து, பூனை படுக்கும் துணிகளை வெந்நீரில் தோய்த்து, பழைய கம்பளத்தைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

குணமாகிவிட்டதா என்பதை முடி முளைத்ததை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பங்கசு இருக்கும்போதும் முடி முளைக்கும், பங்கசு போன பிறகும் சில மாதம் வழுக்கையாகத் தெரியும். மருந்து முடியும் சமயத்தில் மறுபடி மாதிரி கொடுத்து, வளர்ப்பில் ஒன்றும் வராததைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். வளர்ந்தால் இன்னும் சில வாரம், அல்லது மருந்து மாற்றம். மாதிரி சுத்தமாகியும் பல மாதமாக ஒரு இடத்தில் தோல் மினுங்கி, வேர்த்துளைகளே தெரியாமல் இருந்தால் அங்கே தழும்பு விழுந்திருக்கலாம். அதற்கு மேலும் பங்கசு மருந்து தேவையில்லை, தோல் நிபுணரிடம் அந்த இடத்தை மட்டும் காட்டினால் போதும்.